தொழுகண்ணியை விதையிலிருந்து வளர்த்தல்: கடலோரத்து வீடுகளுக்கான வழிமுறை

தொழுகண்ணி என்பது யாரும் தொடாமலே தன் சிற்றிலைகளை அசைக்கும் செடி. அதன் விதையை வாங்கி ஊன்றியவர்களில் பெரும்பாலானோர் இரண்டு இடங்களில் நம்பிக்கை இழந்துவிடுகின்றனர். ஊன்றி மூன்று வாரமாகியும் மண்ணுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவோர் ஒரு சாரார். முளைத்து இரண்டு மாதம் வளர்ந்த பிறகும் இலை அசையவே இல்லை, விதை விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று செடியைப் பிடுங்கி எறிவோர் மற்றொரு சாரார். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கடலுக்கு எட்டிய தொலைவில் குடியிருக்கும் நான் முதல் ஆண்டில் முதல் தவற்றையும், அடுத்த ஆண்டில் இரண்டாவதையும் ஒழுங்காகச் செய்து முடித்தேன். அவ்விரண்டையும் தவிர்க்கும் வழியும், நம் ஊரின் வெயிலுக்கும் உப்புநீருக்கும் ஐப்பசி மழைக்கும் ஏற்றவாறு இச்செடியை வீட்டில் வைத்துக்கொள்ளும் முறையும் இங்கே சொல்லப்படுகின்றன.

தொழுகண்ணி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு குற்றுச்செடி. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, தென் சீனம் வரை இயற்கையாக வளர்வது. விதை வாங்கும்போது பெயர்க் குழப்பம் நேராமல் இருக்க இதன் தாவரவியல் பெயர்கள் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: இன்று வழங்கும் பெயர் கோடாரியோகேலிக்ஸ் மோட்டோரியஸ், பழைய நூல்களிலும் பல விதை உறைகளிலும் காணப்படும் பெயர் டெஸ்மோடியம் ஜைரன்ஸ். இரண்டும் ஒரே செடிதான். சித்த மருத்துவத்தில் அழுகண்ணி என்னும் மூலிகையோடு சேர்த்துச் சொல்லப்படும் தொழுகண்ணி இதுவே என்று பலரும் கொள்கின்றனர். அந்தப் பெயரைக் கேட்டவுடன் இலையைப் பறித்துக் கற்பம் செய்து உண்ண நினைப்பவர்கள் இருக்கின்றனர். முறையாகப் பயின்ற மருத்துவர் சொல்லாமல் அவ்வாறு செய்யக்கூடாது. ஆங்கிலத்தில் இதற்குத் தந்திச் செடி என்று பொருள்படும் பெயர் உண்டு. அது கம்பி வழிப் போகும் தந்தியைக் குறிப்பதன்று; அதற்கு முன்னால், பிரெஞ்சு நாட்டில் கிளாட் ஷாப் என்பவர் 1794-இல் பாரிசுக்கும் லீலுக்கும் இடையே நிறுவிய கைகாட்டிக் கோபுரங்களைப் போன்றவற்றையே குறிக்கிறது. கோபுரத்தின் மேல் இருந்த மரக்கைகள் மாறி மாறி ஏறி இறங்கிச் செய்தி சொன்னதைப் போல இச்செடியின் சிற்றிலைகளும் ஏறி இறங்குவதால் அப்பெயர்.

அசைவது எது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது மிக முக்கியம், ஏனெனில் பலர் தவறான இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கின்றனர். நன்கு வளர்ந்த செடியின் ஒவ்வோர் இலையும் மூன்று சிற்றிலைகளால் ஆனது. நடுவில் உள்ளது பெரியது, விரல் நீளத்துக்கு நீண்டு தொங்குவது. அதன் அடியில், காம்பின் இரு பக்கமும், எலிக்காதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னஞ்சிறு சிற்றிலைகள்தாம் சுற்றி வருபவை. தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் அது மடங்கும். தொழுகண்ணியை யாரும் தொட வேண்டியதில்லை. போதிய வெப்பமும் வெளிச்சமும் கிடைத்தால் இந்தச் சிறிய இலைகள் தாமாகவே நீள்வட்டப் பாதையில் ஏறி இறங்கிச் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த அசைவு கடிகார முள்போல் வழுவழுப்பாக இராது. சற்று நின்று, வெடுக்கென்று நகர்ந்து, மறுபடி நின்று போவதாக இருக்கும். நடுவிலுள்ள பெரிய இலை இப்படிச் சுழல்வதில்லை. அது பகலில் விரிந்து நின்று, இரவில் காம்போடு ஒட்டித் தொங்கி உறங்கும்.

சிற்றிலையின் அடியில், காம்போடு சேரும் இடத்தில், அதைப்பு என்று பாடநூல்கள் குறிப்பிடும் சிறு தடிப்பு ஒன்று உள்ளது. அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேறும்போது அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுவதால் அந்தப் பக்கம் தளர்கிறது. எதிர்ப்பக்கம் விறைத்து இலையைத் தள்ளுகிறது. பின்னர் இது மாறி நடக்கிறது. எனவே அசைவின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். 20 டிகிரியை நெருங்கும்போது அதற்கு இரண்டு, மூன்று மடங்கு நேரமாகும். அதற்கும் கீழே போனால் இலை சோம்பி நின்றுவிடும். சார்லஸ் டார்வின் 1880-இல் வெளியிட்ட தாவர அசைவுகள் பற்றிய நூலில் இச்செடியைக் குறித்து எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதன் சிற்றிலைத் துடிப்பை நுட்பமான கருவிகளால் பதிவுசெய்து விலங்கின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். செடிக்கு இந்த ஆட்டத்தால் என்ன பயன் என்பதில் மட்டும் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. பெரிய இலைக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று துழாவுகிறது என்பது ஒரு கருத்து, வண்ணத்துப்பூச்சி ஏற்கெனவே வந்து அமர்ந்திருப்பதுபோல் காட்டி மற்றப் பூச்சிகளை முட்டையிடாமல் விலக்குகிறது என்பது மற்றொன்று.

குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்தால் சூடேற்றும் பாய், கண்ணாடி மூடி, செயற்கை விளக்கு என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அவற்றுள் ஒன்றும் நமக்கு வேண்டியதில்லை. அவர்கள் காசு கொடுத்து உண்டாக்கும் வெக்கையை நமக்குச் சித்திரை வெயில் கேளாமலே கொடுக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியவை வேறு: கடலோரத்து நிலத்தடி நீரின் உப்பு, வடகிழக்குப் பருவமழையின் ஓயாத ஈரம், வெயில் காலத்தில் இலையைத் தாக்கும் செம்பேன் என்னும் நுண்ணிய உயிர். இவற்றைப் பற்றி அந்தக் குறிப்புகளில் அதிகம் இராது.

விதைக்கும் காலம்

மாசி, பங்குனி மாதங்களே மிகச் சிறந்தவை. பனி விலகி, இரவு வெப்பம் 23, 24 டிகிரிக்கு மேல் நிலைக்கத் தொடங்கியிருக்கும். கத்திரி வெயில் வருவதற்குள் நாற்று நான்கைந்து இலை விட்டு வேரூன்றிவிடும். ஆடிப் பட்டம் அடுத்த நல்ல பருவம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விதைக்கவே கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மாடிப்படிக் கூரைக்குக் கீழே பத்திரமாக வைத்திருப்பதாக நான் எண்ணியிருந்த 11 நாற்றுகளில் இரண்டுதான் எஞ்சின. காற்று அவற்றை ஒடிக்கவில்லை. சாரலில் நனைந்து நனைந்து தண்டின் அடி கறுத்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன.

கிழக்குக் கடற்கரைச் சாலையோர நாற்றுப் பண்ணைகளில் இச்செடி அரிதாகவே கிடைப்பதால் பெரும்பாலும் தபாலில் வரும் விதையைத்தான் நம்ப வேண்டும். விதை உளுந்தைவிடப் பெரிதாக இராது. வழவழப்பாகவும் ஒரு பக்கம் சற்றே குழிந்து பயறு வடிவிலும் இருக்கும். தட்டையான, வட்டமான, பழுப்பு நிற விதை வந்தால் அது தொட்டாற்சுருங்கியாக இருக்கலாம். அந்த விதையும் நன்றாக முளைக்கும், அழகாகவும் வளரும். ஆனால் அது வேறு செடி.

விதையின் தோலைத் திறத்தல்

பச்சைப்பயறை இரவில் ஊறவைத்து மறுநாள் வேகவைக்கும்போது, எல்லாம் வெந்த பிறகும் பல்லில் கல்லாகத் தட்டுப்படும் இரண்டொரு மணிகளை எல்லோரும் கடித்திருப்போம். அந்த மணிகளின் தோல் நீரை உள்ளே விடாமல் இறுகியிருப்பதே காரணம். தொழுகண்ணி விதைகளில் பெரும்பாலானவை அந்தக் கல்லுப்பயறின் இனம். காட்டில் வெயிலும் மழையும் மண்ணின் உராய்வும் மாதக்கணக்கில் அந்தத் தோலைத் தேய்க்கும். வீட்டில் அந்த வேலையை நாமே செய்தாக வேண்டும். அப்படியே ஊன்றினால் சில விதைகள் ஒரு மாதம் கழித்து முளைக்கும், சில முளைக்காமலே கிடக்கும். நான் முதல் ஆண்டில் கவிழ்த்துக் கொட்டிய தொட்டி மண்ணிலிருந்து, அதை வாங்கிக்கொண்ட கறிவேப்பிலைச் செடியின் அடியில், அந்த ஆடியில் ஒரு தொழுகண்ணி தானாக எழுந்து வந்தது.

தோலைத் தேய்க்க நயமான உப்புத்தாள் போதும், கடையில் 220 என்று எண் போட்டிருப்பதைக் கேட்டு வாங்கலாம். விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, குழிந்த பக்கத்தில் உள்ள சிறு தழும்பைத் தொடாமல், முதுகுப் பக்கத்தை மட்டும் உப்புத்தாளில் நான்கைந்து முறை இழுக்க வேண்டும். முளை அந்தத் தழும்பின் அருகில்தான் இருக்கிறது. அங்கே காயம்பட்டால் விதை வீணாகும். தோலின் பளபளப்புப் போய், உள்ளே வெளிறிய நிறம் ஊசிமுனை அளவு தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். விதை நிறைய இருந்தால் காலித் தீப்பெட்டியின் உட்புறம் முழுவதும் உப்புத்தாளை ஒட்டி, விதைகளைப் போட்டு மூடி, இரண்டு நிமிடம் கிலுகிலுப்பைபோல் ஆட்டுவது எளிது. சூபாபுல், வேலிமசால் விதைகளுக்கு நம் விவசாயிகள் செய்வதைப்போலக் கொதித்த நீரை ஊற்றும் முறையும் உண்டு. ஆனால் பத்தே விதையை வைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடு சற்று மீறினால் பத்தும் வெந்துவிடும்.

தேய்த்த விதையைக் கைபொறுக்கும் வெந்நீரில் போட்டு மூடி, 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். ஊறிய விதை ஒன்றரை மடங்காவது பருத்திருக்கும். பருக்காத விதை எதுவோ அதன் தோல் இன்னும் திறக்கவில்லை என்று பொருள். அவற்றை மட்டும் எடுத்துத் துடைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஊறவைக்கலாம். மிதக்கிறது என்பதற்காக எந்த விதையையும் உடனே எறிந்துவிட வேண்டாம். மேலே காற்றுக்குமிழ் ஒட்டியிருப்பதாலும் விதை மிதக்கும், விரலால் ஒரு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும். இரண்டு நாளுக்கு மேல் நீரில் விட்டால் அழுகல் வாடை வரத் தொடங்கும் என்பதால் அதற்குள் ஊன்றிவிட வேண்டும்.

மண்ணும் நீரும்

இச்செடியின் வேர் அலைக்கழிக்கப்படுவதைப் பொறுப்பதில்லை. ஆதலால் ஒரே தட்டில் எல்லாவற்றையும் தூவி, பின்னர் பிரித்து நடுவதைவிட, அடியில் மூன்று துளையிட்ட காகிதக் குவளைகளில் ஒன்றுக்கு ஒரு விதையாக ஊன்றுவதே நல்லது. தேநீர்க் கடைக் குவளை மிகச் சிறியது. மோர் தரும் அளவுள்ள குவளையே பொருத்தம்.

கலவைக்கு ஆரோவில், காலாப்பட்டு மேட்டுப் பக்கத்துச் செம்மண் ஒரு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பாகூர்ப் பக்கத்து வண்டல் மண் நெல்லுக்கு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்குத் தொட்டிக்கு ஆகாதது. நீர் தேங்கி, காய்ந்ததும் கட்டியாக இறுகிவிடும். நார்த்தூளைக் கட்டியாக வாங்கினால் நீரில் ஊறவைத்துப் பிழிந்து கொட்டுவதை மூன்று முறையாவது செய்ய வேண்டும், ஏனெனில் அதில் இயல்பாகவே உப்பு இருக்கிறது. மணலையும் அவ்வாறே கழுவ வேண்டும். கடற்கரை மணலை எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை என நினைத்திருந்தேன். என் பக்கத்து வீட்டார் எடுத்து வந்த பிறகு சொல்வதே நல்லது என்று தோன்றுகிறது.

உப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. நாற்றுப் பருவத்தில் தொழுகண்ணியின் இலைநுனி கருகி, ஓரம் சுருண்டு, வளர்ச்சி நின்றுவிட்டதென்றால், நம் ஊரில் பத்துக்கு எட்டு முறை குற்றவாளி ஊற்றும் நீர்தான். கடலோரத் தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் நாவுக்கே கரிக்கிறது. அதைச் சுத்திகரிப்புக் கருவியில் விட்டால் குடிக்கும் நீர் ஒரு குழாயிலும், உப்பெல்லாம் திரண்ட கழிவுநீர் மற்றொரு குழாயிலும் வருகின்றன. அந்தக் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறேன் என்று பலர் பெருமையாகச் செய்வது இச்செடிக்குக் கேடு. மழைக்காலத்தில் மாடியிலிருந்து பிடித்து மூடி வைத்த மழைநீர் முதல்தரமானது. அது தீர்ந்தால் அறையைக் குளிர்விக்கும் ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதில் உப்பு மிகக் குறைவு. குழாய் நீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் மாதம் ஒருமுறையாவது தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக ஓடும் அளவுக்கு நல்ல நீரை ஊற்றி, படிந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பது அந்த உப்புதான்.

ஊறிய விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, மேலே மெல்லிய மணலைத் தூவி, பூவாளியால் நனைத்து, நேர் வெயில் படாத ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வைக்கலாம். மேல்மண் காயத் தொடங்கும்போது மட்டும் மறுபடி நனைத்தால் போதும். சரியாகத் தேய்த்த விதை பங்குனி வெக்கையில் ஒரு வாரத்திலேயே எழும்பிவிடும். பிந்தியவற்றுக்கு ஒரு மாதம் வரை காத்திருக்கலாம். எறும்பு விதையை இழுத்துப் போவதைத் தடுக்கக் குவளைகளை ஒரு தட்டில் வைத்துத் தட்டைச் சுற்றி மஞ்சள்தூள் தூவி வைக்கிறேன். அது எப்போதும் பலிக்கிறது என்று சொல்ல முடியாது.

முளைத்தபின் வரும் முதல் ஆபத்து நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் இளைத்து ஒரே இரவில் சாய்வது அதன் அடையாளம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காக்கலாம். விதைக்கும்போதே கலவையில் சிறிது டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது, மாலையில் நீர் விடுவதைத் தவிர்த்துக் காலையில் விடுவது, குவளைகளை நெருக்கி வைக்காமல் இடைவெளி விட்டு வைப்பது ஆகிய மூன்றும் செய்தால் பெரும்பாலும் அது வருவதில்லை.

அசையாத மாதங்கள்

இரண்டு வித்திலைகளுக்குப் பிறகு வரும் இலைகள் ஒற்றை இலைகளாகவே இருக்கும். காம்பின் நுனியில் நீண்ட ஓர் இலை, அவ்வளவுதான். அடியில் துணையிலைகள் இரா. சுற்றி வரும் சிற்றிலைகளே இன்னும் பிறக்காதபோது அசைவை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. இதைத் தெரியாமல்தான் இரண்டாம் ஆண்டில் நல்ல செடி மூன்றைப் பிடுங்கினேன். செடி உயர உயர, புதிதாக வரும் இலைகளில் அந்தச் சின்ன இலைகள் முதலில் அரிசி முனைபோல் தோன்றி, அடுத்தடுத்த இலைகளில் பெரிதாகும். என் வீட்டில் அது மூன்றாம் மாதத்தில் நிகழ்கிறது. வெளிச்சம் குறைந்த வீடுகளில் இன்னும் தாமதமாகலாம். முதலில் வந்த ஒற்றை இலைகள் பின்னால் மூன்றாக மாறுவதில்லை. எனவே எப்போதும் கொழுந்துப் பக்கத்து இலைகளையே கவனிக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் செய்ய வேண்டியது தொட்டி மாற்றம் ஒன்றே. நான்கைந்து இலை வந்து, குவளையின் துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது, குவளையைக் கத்தரியால் பக்கவாட்டில் கிழித்து, மண்ணுருண்டை உதிராமல் எட்டங்குலத் தொட்டிக்குள் இறக்கிவிட வேண்டும். நெகிழித் தொட்டியைவிடச் சுட்ட மண்தொட்டி மேல், ஏனென்றால் அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறி வேருக்குக் காற்றுக் கிடைக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு அலங்காரப் பொருள்களுக்குப் பெயர்போனது. நமக்கு வேண்டியது அடியில் துளையுள்ள, சாயம் பூசாத சாதாரணத் தொட்டி. மாற்றிய பிறகு ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். செடி ஒரு முழ உயரம் வந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து அடர்த்தியாகும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக்குச்சியாக ஒன்றரை மீட்டர் வரைகூட ஓடும்.

ஆட்டத்தைக் காணுதல்

அசைவைப் பார்க்க முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் புதுச்சேரியில் இதைச் சொல்வது கொடுமைதான், எனினும் வேறு வழியில்லை. விசிறிக் காற்றில் செடி முழுவதும் ஆடும்போது சிற்றிலையின் தனி ஆட்டம் தெரியாது. கடற்காற்று எழும் முன்னர், காலை ஒன்பது முதல் பதினொன்று வரை, கிழக்கு ஜன்னலோரம் வைத்து அருகில் அமர்ந்து ஒரே ஒரு சிற்றிலையைத் தேர்ந்து, அதன் நுனிக்குப் பின்னால் சுவரில் ஒரு பென்சில் புள்ளியைக் குறித்துக்கொண்டு பார்க்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் நுனி அந்தப் புள்ளியைக் கடந்து போய்த் திரும்பி வரும். பொறுமையில்லாத பிள்ளைகளுக்குக் கைபேசியை அசையாமல் நிறுத்தி டைம்லாப்ஸ் எடுத்துக் காட்டலாம். ஒரே காம்பில் உள்ள இரண்டு இலைகளும் சேர்ந்தாற்போல் அசைய வேண்டும் என்பதில்லை. ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும், சில வேளை ஒன்று ஓய்ந்தே நிற்கும்.

பாட்டுக்கு ஆடும் செடி என்று இதைச் சொல்லி விற்பவர்கள் உண்டு. நாகசுரம் ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் அது சுழலும். பாட்டுப் பாடுபவர் அருகில் குனிந்து நிற்கும்போது அவருடைய மூச்சுச் சூடும், விளக்கைப் போட்டிருந்தால் அதன் சூடும் இலைக்குப் படுகின்றன என்பதையும் கருத வேண்டும். விரும்புவோர் ஒரே அறையில், ஒரே வெப்பத்தில், பாட்டுடன் பத்துச் சுற்றும் பாட்டில்லாமல் பத்துச் சுற்றும் கடிகாரம் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

குளிர்சாதன அறைக்குள் செடியை வைப்பவர்கள்தாம் அடுத்தபடியாக ஏமாறுபவர்கள். 22 டிகிரியில் ஓடும் அறையில் ஆட்டம் எளிதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது. காற்றும் வறண்டுபோவதால் செம்பேன் வரவும் வழி பிறக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலும் இப்படித் தளர்வது இயல்பே. வெயிலேறிய பின் சரியாகிவிடும். வெப்பம் இருந்தும் அசையவில்லை என்றால் மண் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப்பின் செல்களில் நீர் விறைப்பு இல்லாவிட்டால் தள்ளும் ஆற்றல் இராது.

செம்பேனும் மற்றவையும்

வளர்ந்த செடிக்குப் பகலில் நான்கைந்து மணி நேர வெயில் நல்லது. கத்திரி நாள்களில் மட்டும் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை பச்சை நிழல்வலைக்குக் கீழே இருக்க வேண்டும். அவரைக் குடும்பத்துச் செடியாதலால் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் வழியே காற்றிலுள்ள தழைச்சத்தை அது தானே ஈட்டிக்கொள்ளும். யூரியா இடக்கூடாது, மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

செம்பேன்தான் இதன் முதன்மையான பகை. பங்குனி முதல் ஆனி வரை இலையின் மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகள் தோன்றினால் உடனே இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்; அடியில் தூசிபோல் நகரும் சிவந்த பொடிகளும், முற்றிய நிலையில் மெல்லிய வலையும் தெரியும். வெறும் கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டினால் பொடிகள் ஊர்வது புலப்படும். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால், தொட்டியைச் சாய்த்துப் பிடித்து இலைகளின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சி அடித்து, இதை மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் செய்வதே போதுமானது. மீறிப்போனால் ஒரு லிட்டர் நீருக்கு மூன்று மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சில சொட்டுக் காதி சோப்புக் கரைசல் என்று கலந்து, அந்தி நேரத்தில் தெளிக்கலாம். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து மறுநாள் வரை பார்க்க வேண்டும், ஏனெனில் கலவை கெட்டியாகிவிட்டால் அந்த மெல்லிய சிற்றிலைகள்தாம் முதலில் உதிரும். மாவுப்பூச்சி வந்தால் ஈரப்பஞ்சால் துடைத்தெடுப்பதே எளிய வழி.

மழைக்காலம் வந்ததும் தொட்டிகளைக் கூரைக்குள், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, காற்று நடமாடும் இடத்தில் வைத்து, நீரை பாதியாகக் குறைத்துவிட வேண்டும். அடித்தட்டில் நீர் நிற்க விடக்கூடாது.

நன்றாக வளர்ந்த செடி சிறிய ஊதா நிறப் பூக்களைக் கொத்தாக விடும். பின்னர் வரும் தட்டையான சிறு காய்கள் ஒரு விளிம்பில் கணுக்கணுவாக நெளிந்து, பழுப்பாகிக் காய்ந்தபின் அந்த விளிம்பில் பிளந்து விதையைக் கொட்டிவிடும் என்பதால், நிறம் மாறத் தொடங்கும்போதே பழைய வேட்டித் துணியைச் சிறு பையாகத் தைத்துக் கொத்தின் மேல் கட்டிவிடுவது நல்லது. தொட்டியில் வளரும் தொழுகண்ணி நீண்ட காலம் வாழ்வதில்லை. சில ஆண்டுகளில் அடி மரத்துப்போய் இலை சிறுத்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் விதை எடுத்து வைக்க வேண்டும். நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் இட்டு, ஆண்டையும் மாதத்தையும் எழுதி, மூடியுள்ள புட்டியில் வைத்தால், தோல் இறுகிய விதை பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். தேய்ப்பதையும் ஊறவைப்பதையும் விதைக்கும் நாளுக்கு முன்தினம்தான் செய்ய வேண்டும். தேய்த்து வைத்த விதையை நம் ஊர் ஈரக்காற்று விட்டுவைக்காது.